எல்லிஸ் ஆர். டங்கன்: பிந்தி வரும் ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்குத் தான் எழுதிய நல்ல வரிகள் நினைவில் நிற்பதில்லை. விட்ட பிழைகள்தான் நிற்கின்றன. அமைச்சர் ஒருவரின் பெயருக்கு வேறொருவரின் படத்தைப் போட்டதும், ஒரு மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயரையும் அறிவித்தவரின் பெயரையும் இடம்மாற்றிவிட்டதும் எனக்கு நடந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மறுநாளே திருத்தம் வெளியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுக்கு மாத்திரம் திருத்தம் வெளிவரவில்லை. போடுகிறேன் என்று ஒரு முதியவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போடாமல் விட்டது அது. அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன். அதற்கு முதலில் கொக்குவிலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

கொக்குவில் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியில் உள்ள என் ஊர். மஞ்சவனப்பதி முருகன் கோவிலும் இந்துக் கல்லூரியும் புகையிரத நிலையமும் ஊரின் அடையாளங்கள். அக்காலத்தில் இன்னொரு அடையாளமும் இருந்தது. அது சுருட்டு. ஊரில் சுற்றப்பட்ட சுருட்டுகள் தென்னிலங்கைப் பட்டினங்கள் வரை சென்றன. எங்களவர் பலர் அங்கெல்லாம் சுருட்டுக்கடை வைத்திருந்தனர். ஓலையால் வேய்ந்த சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர்கள் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். கைகளுக்கு ஓயாத வேலை, காதுக்கு வேலையில்லை. ஆகவே எழுத்தறிந்த ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையை உரத்து வாசிப்பார். தலையங்கம், வெளிநாட்டுச் செய்தி, தொடர்கதை எதுவும் தப்பாது. வாசித்தவருக்குத் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறு பங்கு கொடுப்பதும் உண்டு. எழுத்து வாசனை இல்லாத பலர் உலக நடப்பை விரல்நுனியில் வைத்திருந்ததன் இரகசியம் அதுதான். வானொலி பரவியபின் இவ்வழக்கம் குறைந்ததெனினும் எழுபதுகளிலும் சில கொட்டில்களில் அது எஞ்சியிருந்தது.

1977 யூன் 30ஆம் திகதி எம்.ஜி. இராமச்சந்திரன் தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அவர் 1917இல் பிறந்தது எங்கள் நாட்டு நாவலப்பிட்டியில். இலங்கை மண்ணில் பிறந்த ஒருவர் கோட்டையில் அமர்கிறார் என்பது யாழ்ப்பாணத்தில் பெரிய பேச்சு. நான் அப்போது இருபத்துநான்கு வயது உதவி ஆசிரியன். அவருடைய திரைவாழ்வைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதும்படி ஆசிரியர் பணித்தார். அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். முதற்படமாகிய ‘சதி லீலாவதி’யைக் குறிப்பிட்டபோது கதை எஸ்.எஸ். வாசன் என்றும் தயாரிப்பு மருதாசலம் செட்டியார் என்றும் எழுதினேன். இயக்கியவர் பெயரை எழுதவில்லை. அவரைப் பெரும் நாயகனாக்கிய ‘மந்திரிகுமாரி’க்கு வந்தபோது, வசனம் கருணாநிதி, இயக்கம் ரி.ஆர். சுந்தரம் என்று முடித்தேன்.

கட்டுரை வெளியாகி இரண்டு நாள் கழித்து ஒரு முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். வேட்டி, தோளில் துவாய், விரல்களில் புகையிலைக் கறை. எங்கள் ஊரவர் என்பது எனக்குத் தெரியும், பேசிப் பழகியதில்லை. சைக்கிளில் வந்திருந்தார்.

“தம்பி, நீர்தானே எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதினது?”

“ஓமய்யா.”

“எங்கடை கொட்டிலிலை வாசிச்சவை. ரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டனான். டங்கன்ரை பேர் எங்கை?”

எனக்கு விளங்கவில்லை. அவர் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார். “சதி லீலாவதி எடுத்தது அமெரிக்கன் டைரக்டர் டங்கன். மந்திரிகுமாரியும் அவன்தான் தொடங்கினவன். எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. நோட்டீசிலை வாசிக்கக் கேட்டது. அந்தப் பேர் என்ரை காதிலை நிண்டிட்டுது.”

இளமையில் அவர் கண்டிப் பக்கத்தில் ஒரு சுருட்டுக்கடையில் வேலைக்கு நின்றவராம். அங்கு ஒரு கொட்டகையில் ‘சதி லீலாவதி’யைப் பார்த்தாராம். படத்தின் நாயகன் குடியாலும் பெண்ணாசையாலும் சீரழிந்து, நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்களிற் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள். “தோட்டத்துக் கட்டம் வரேக்கை கொட்டகையிலை ஒரு சத்தமில்லை. சனம் தங்களைத் தாங்களே பாத்துக்கொண்டிருந்தது” என்றார்.

எழுந்து போகும்போது அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. “அவன் எங்கடை பாசை தெரியாதவன். தெரிஞ்ச நீர் அவன்ரை பேரை விட்டிட்டீர். பிழையெண்டு ஒரு வரி போட்டுவிடும்.”

போடுகிறேன் என்றேன். முதலில் சரிபார்க்க வேண்டுமல்லவா? நூலகத்துக்குப் போகவேண்டும் என்று ஒரு கிழமை தள்ளிற்று. பின்னர் யூலை 21ஆம் திகதி பொதுத்தேர்தல் வந்தது. ஆகஸ்டில் இனக்கலவரம் வெடித்தது. தெற்கிலிருந்து அகதிகள் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார்கள். அவர்களின் பெயர்களை எழுதி எழுதியே பக்கங்கள் நிரம்பின. ஒரு சினிமாப் பெயரைத் திருத்துவதற்கு யாரிடம் இடம் கேட்பது? முதியவரை வீதியில் காணும்போதெல்லாம் நான் சைக்கிளை மெல்ல மறுபக்கம் திருப்பினேன். அவர் ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த டங்கன் யார் என்பதைப் பின்னாளில் சிறிது சிறிதாக அறிந்துகொண்டேன்.

எல்லிஸ் ஆர். டங்கன் 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளி நாட்களிலேயே புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்டார். ஹொலிவூட்டின் வாசலில் இருந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1929இல் திரைப்படக் கல்வியைத் தொடங்கிற்று. அதன் தொடக்ககால மாணவர்களுள் டங்கனும் ஒருவர். ஊமைப்படம் பேசும்படமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே அவருடன் படித்தவர்களுள் பம்பாயின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த மாணிக்லால் டண்டனும் இருந்தார். இந்தியாவில் ஒரு திரைப்பட நிலையம் அமைக்கலாம், வாருங்கள் என்று அவர் அழைத்தார். டங்கனும் மைக்கேல் ஒமலெவ் என்ற நண்பரும் 1935இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

வந்து பார்த்தால் நினைத்தபடி நிலையம் அமையவில்லை. டண்டன் கல்கத்தாவில் கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘பக்த நந்தனார்’ என்ற தமிழ்ப் படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். டங்கன் அதில் உதவினார். நண்பர் ஒமலெவ் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். டங்கனும் ஆறு மாதத்தில் திரும்புவதாகத்தான் எண்ணியிருந்தார். கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார் தம் படத்தை இயக்கும்படி டண்டனிடம் கேட்க, அவர் தமக்கு நேரமில்லை என்று டங்கனைக் கைகாட்டினார். அவ்வாறு கைக்கு வந்த படமே 1936இல் வெளியான ‘சதி லீலாவதி’. ஆறு மாதத்துக்கு வந்தவர் பதினைந்து ஆண்டுகள் தங்கினார்.

அப்படத்தின் நாயகன் எம்.கே. ராதா. அவருடைய தந்தையார் கந்தசாமி முதலியார் திரைக்கதை வசனத்தைக் கவனித்தார். ஆனந்த விகடனில் தொடராக வந்த வாசனின் கதை அது. ‘பதிபக்தி’ என்ற நாடகத்திலிருந்து திருடப்பட்டதென்று வழக்கு வந்தபோது, இரண்டுக்குமே மூலம் ஆங்கில நாவலாசிரியை திருமதி ஹென்றி வூட் எழுதிய ஒரு நாவல்தான் என்று வாசன் சாட்சியம் சொல்லி முடித்துவைத்தார் என்பது சுவையான செய்தி. எம்.ஜி.ஆர். அதில் ரங்கையா நாயுடு என்ற இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் தோன்றினார். என்.எஸ். கிருஷ்ணன், ரி.எஸ். பாலையா ஆகியோருக்கும் அதுவே முதற்படம். ஒரே படத்தில் மூவரும் அறிமுகமானார்கள். மூவரின் முகத்தையும் முதலில் பார்த்த இயக்குநரின் கண் தமிழறியாத கண்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாவலப்பிட்டியில் பிறந்து தந்தையை இழந்து குழந்தைப் பருவத்திலேயே இந்தியாவுக்குப் போன எம்.ஜி.ஆரின் முதற்படத்தில், கதைநாயகன் எங்கள் மலையகத்துக்கு வருகிறான். கொக்குவில் முதியவர் அந்தத் தோட்டக் காட்சியைப் பற்றிச் சொன்னபோது இந்தப் பொருத்தம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என் கட்டுரைக்கு நல்ல தொடக்கமாக அமைந்திருக்கும்.

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழில் பேசும்படம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கப்பட்டவற்றுட் பல, நாடகமேடைக்கு எதிரே கமெராவை நிறுத்திப் பிடித்தவையே. நடிகர் நேரே நின்று பாடுவார், கமெரா அசையாது. டங்கன் கமெராவை அசைத்தார். அண்மைக் காட்சிகளைப் பயன்படுத்தினார். மேடைக்குரிய தடித்த ஒப்பனையைக் குறைத்து முகத்தை முகமாகக் காட்ட முயன்றார். முன்கூட்டியே காட்சிகளைத் திட்டமிட்டு எழுதிவைத்துப் படமாக்கும் ஒழுங்கு அவருடையது.

தமிழ் தெரியாமல் எப்படித் தமிழ்ப் படம் எடுத்தார் என்று எல்லோரும் கேட்பது வழக்கம். திரைக்கதையின் ஆங்கில வடிவத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தார். வசனத்தில் பிழை வந்தால் சொல்லுவதற்குத் தமிழ் தெரிந்த உதவியாளர்கள் அருகில் இருந்தார்கள். அவரிடம் தொழில் பயின்ற உதவியாளர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ‘பராசக்தி’யை இயக்கிய கிருஷ்ணன் பஞ்சு இரட்டையரில் ஒருவரான பஞ்சு. சொல்லைப் பிறர் காவல் செய்ததால் டங்கனுக்கு முகத்தைப் பார்க்க முடிந்தது என்பது என் எண்ணம். தமிழ் தெரிந்த இயக்குநர் வசனத்தின் ஓசையில் மயங்கி, நடிகரின் கண்ணைக் கவனியாமல் விட்டுவிடலாம். காதில் விழுவது பொருளாகாத ஒருவருக்குக் கண்ணும் கையும் உதடும்தான் சான்று.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘மீரா’. 1945 தீபாவளிக்கு வெளியான படம். எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவாக நடித்தார். படப்பிடிப்பு தொடங்குமுன் எம்.எஸ். அவர்களின் முகத்தைப் பிளாஸ்ரரில் மார்பளவுச் சிலையாகச் செய்யச் சொன்னார் டங்கன். ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியுடன் சேர்ந்து அச்சிலையின் மீது பல கோணங்களில் விளக்கொளியைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எந்த உணர்வு தெரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பாடலைக் கேட்டு உருகியவர் ஆயிரம் பேர் இருந்தார்கள். பாடுகிறவரின் முகத்தை இவ்வளவு கருத்தாகப் படித்தவர் அவர்தான். 1947இல் இந்தியிலும் அப்படம் வெளியானபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ். அவர்களை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்தார்.

அதற்கு முன் 1937இல் வெளியானது ‘அம்பிகாபதி’. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்த அப்படம் ஓராண்டு ஓடிற்று. வசனம் இளங்கோவன். அவருக்கு டங்கன் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைக் கொடுத்து, தமக்கு வேண்டிய காதற்காட்சி வரிகளை அடிக்கோடிட்டுக் காட்டினார் என்பது தமிழ்த் திரை வரலாற்றில் பதிவான செய்தி. இளங்கோவன் அதனைத் தமிழ் மரபுக்குள் கொண்டுவந்தார். திரைத்தமிழில் நல்ல உரைநடைக்கு வழிதிறந்தவர் இளங்கோவன் என்று நாம் போற்றுகிறோம். அந்த வழியில் ஒரு வெளிநாட்டாரின் பென்சில் கோடும் உண்டு.

1940இல் எம்.எஸ்., ஜி.என். பாலசுப்பிரமணியம் ஆகியோர் நடித்த ‘சகுந்தலை’யும், நாதஸ்வரச் சக்கரவர்த்தி ரி.என். இராஜரத்தினம்பிள்ளை நடித்த ‘காளமேக’மும் அவர் இயக்கியவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசுக்காகச் செய்திப்படங்களும் எடுத்தார். 1950இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்சுக்காக இரு படங்கள். ஒன்று பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’. மற்றையது ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசிக் கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய ‘மந்திரிகுமாரி’. கணவன் தன்னைத் தள்ளிக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்து வந்தான் என்றறிந்த பெண், இறுதி வணக்கமாக அவனை வலம்வருவதுபோல் வந்து அவனைத் தள்ளிவிடும் காட்சியை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. அப்படம் முற்றுப்பெறுமுன் டங்கன் அமெரிக்காவுக்குத் திரும்பவேண்டி வந்தது. எஞ்சியதை ரி.ஆர். சுந்தரம் முடித்தார். ஆகவே இருவர் பெயருக்கும் உரிமை உண்டு. என் கட்டுரை பாதி உண்மை சொல்லிற்று. கொக்குவில் முதியவர் “தொடங்கினவன்” என்று அளந்து சொன்னது எவ்வளவு சரியான சொல் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ‘அம்பிகாபதி’யிலும் ‘பொன்முடி’யிலும் காதலர்கள் நெருங்கி நின்றதைத் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று கண்டித்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும் என்றார்கள். அந்தக் கண்டனத்தை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. நம் மனிதர் காதலை அடக்கிக் காட்டும் நுட்பம் அவர் வளர்ந்த உலகுக்குப் புதிது. ஆனால் குண்டலகேசியும் பாரதிதாசனும் சகுந்தலையும் அவர் கொண்டுவந்தவை அல்ல. நம்மவர் அவர் கையில் கொடுத்தவை. கொடுத்ததை அவர் அவமதிக்கவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டார். தமக்குத் தெரிந்ததை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு தொழிலாளியிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்கலாம்?

நாடு திரும்பியபின் மேற்கு வேர்ஜினியாவின் வீலிங் நகரில் ஆவணப்படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்து வாழ்ந்தார். ஹொலிவூட் படமொன்றை மொடேர்ன் தியேட்டர்சுடன் கூட்டாக இந்தியாவில் எடுத்தபோது அதில் பங்குகொண்டார். 1952இல் வெளியான ‘த ஜங்கிள்’ அது. அவர் முதலில் கமெராவுக்கு முன் நிறுத்திய இன்ஸ்பெக்டர் வேடக்காரரும், அவருடைய கடைசித் தமிழ்ப் படத்துக்கு வசனமெழுதிய இளைஞரும் பின்னாளில் முதலமைச்சர்களானார்கள். வீலிங்கில் அண்டை வீட்டாரில் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பார்கள்!

திருத்தம் போட எனக்கு இரண்டாவது வாய்ப்பு 1994இல் வந்தது. அவ்வாண்டு டங்கன் சென்னைக்கு வந்தார். திரையுலகத்தினர் அவரை வரவேற்றுக் கொண்டாடினார்கள். எம்.ஜி.ஆர். மறைந்து ஆறு ஆண்டுகளாகியிருந்தன. எவரோ கடல் கடந்து கொண்டுவந்து, கைமாறிக் கைமாறி வந்த ஓர் இந்தியச் சஞ்சிகையில் அச்செய்தியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் அப்போது பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த தாளில், கோடு போட்ட தாளிலும்கூட, பத்திரிகைகள் வந்த நாட்கள் அவை. பக்கங்கள் சுருங்கிவிட்டன. இறந்தவர் பெயர்களுக்கே இடம் போதாதபோது டங்கனின் பெயருக்கு எங்கே போவது? சஞ்சிகைத் துணுக்கை வெட்டிக் கோவையில் வைத்தேன். முதியவர் காலமாகி அப்போது சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரது செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். திருத்தத்தைப் பற்றி நானாக யாரிடமும் சொல்லவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளியேறினோம். கையில் எடுத்தவை ஒரு பையும் சைக்கிளும். கோவைகள் வீட்டில் நின்றன. திரும்பியபோது வீட்டில் கூரை இருந்தது, கோவைகள் இல்லை.

2001 டிசம்பர் 1ஆம் திகதி, தொண்ணூற்றிரண்டு வயதில், டங்கன் வீலிங்கில் காலமானார். நான் அதற்குள் வெளிநாட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே முதல் சில ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. இவ்வூர் மொழி எனக்கு அரைகுறை. மேற்பார்வையாளர் சொல்வது பாதி விளங்காது. ஆகவே அவர் முகத்தைப் பார்ப்பேன். புருவம் சுருங்கினால் பிழை, தலை அசைந்தால் சரி. முகத்தைப் பார்த்து வேலைசெய்யப் பழகிய அந்த இரவுகளில்தான் டங்கனை நான் உண்மையில் விளங்கிக்கொண்டேன். ஆறு மாதத்தில் திரும்புவேன் என்று நானும் எண்ணியிருந்தேன். ஒரு வேறுபாடு உண்டு. அவரை அழைத்து வந்து கமெராவைக் கையில் கொடுத்தார்கள். எம்மில் பலர் அழைக்கப்படாமல் வந்தவர்கள். எனினும் மொழி தெரியாத ஊரில் வேலையால் மட்டுமே தன்னை நிறுவவேண்டியிருக்கும் மனிதனின் தனிமை எல்லோருக்கும் ஒன்றுதான். அவனுடைய வேலையில் அவன் பெயர் விடுபட்டால் அவனுக்கு வேறு சாட்சி இல்லை.

கரன் பாலி என்பவர் டங்கனைப் பற்றி 2013இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். இன்று அவரைப் பற்றி அறிய விரும்புபவருக்குச் சிரமமில்லை. அப்படியானால் என் திருத்தம் யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை கொக்குவிலில் கிடைத்தது.

போர் முடிந்து சில ஆண்டுகளின்பின், காங்கேசன்துறை வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, ஊருக்குப் போயிருந்தேன். கொக்குவில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். அந்தச் சுருட்டுக் கொட்டில் இருந்த காணியில் ஒரு மாடிவீடு நின்றது. புகையிலை நெடி எங்கும் இல்லை. முதியவரின் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய பேரன் இருந்தார்; நாற்பது வயதிருக்கும், ஆசிரியர். நான் வந்த காரணத்தைச் சொல்ல வெட்கமாயிருந்தது. சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பப்பா ஒரு வெள்ளைக்காரன்ரை பேரைச் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் பகிடியெண்டு நினைச்சம் ஐயா” என்றார்.

அவருடைய கைத்தொலைபேசியிலேயே ‘மந்திரிகுமாரி’யைத் தேடி எடுத்தோம். கீறல் விழுந்த பழைய பிரதி. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடியை நான் பயணப்பையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். எழுத்துகள் எனக்குப் புகையாகத் தெரிந்தன. “நீங்கள் வாசியுங்கோ தம்பி” என்றேன். அவர் உரத்து வாசித்தார். அவருடைய மனைவியும் அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார். இயக்கியவர் பெயர் வந்தபோது அதனை அவர் இரண்டு தரம் வாசித்தார். எல்லிஸ் ஆர். டங்கன்.

அந்த வீட்டில் அப்பெயர் பகிடி அல்ல என்று ஆயிற்று. ஆனால் பத்திரிகையில் வந்த பிழைக்கு எழுத்தில்தான் திருத்தம் வரவேண்டும். அந்தப் பத்திரிகை எழுத்தில் இனி அது வராது. ஆகவே இங்கே போடுகிறேன்.

திருத்தம்: 1977 யூலை மாத முற்பகுதியில் வெளியான எம்.ஜி.ஆர். பற்றிய கட்டுரையில், ‘சதி லீலாவதி’ (1936) திரைப்படத்தின் இயக்குநர் பெயர் விடுபட்டுள்ளது. அப்படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். ‘மந்திரிகுமாரி’ (1950) திரைப்படத்தை இயக்கியவர்கள் எல்லிஸ் ஆர். டங்கன், ரி.ஆர். சுந்தரம் என வாசிக்கவும். பிழையைச் சுட்டிக்காட்டியவர் கொக்குவில் சுருட்டுத் தொழிலாளி ஒருவர். தவறுக்கும் தாமதத்துக்கும் வருந்துகிறேன்.